ஆஸ்திரியா-ஹங்கேரிக்கும் செர்பியாவுக்கும் உறவு எப்போது முறிந்தது? 1903-ஆ, 1908-ஆ, அதற்கும் முன்பா?

#1 வைகைக்கரையான்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் முதல் உலகப்போர் என்றால் ஒரே வரிதான். சராயேவோவில் பட்டத்து இளவரசரைச் சுட்டார்கள், போர் மூண்டது. அதற்கு முந்தைய கதையைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். ஒரு விஷயம் பிடிபடவில்லை.

1881-இல் செர்பியாவின் மிலான் ஒப்ரனோவிச் வியன்னாவோடு, அதாவது ஆஸ்திரியா-ஹங்கேரி அரசோடு, ரகசிய உடன்படிக்கை செய்கிறார். உங்களைக் கலக்காமல் வேறு அரசோடு அரசியல் ஒப்பந்தம் போட மாட்டேன், உங்களுக்கு எதிரான சூழ்ச்சிக்கு என் மண்ணில் இடம் தர மாட்டேன் என்று எழுதியே கொடுக்கிறார். அடுத்த வருஷமே அவர் 'அரசர்' ஆகிறார், வியன்னா தலையாட்டுகிறது. 1885-இல் ஸ்லிவ்னிட்ஸாவில் பல்கேரியரிடம் செமத்தியாக அடி வாங்கித் திரும்பி ஓடியபோது, "இனி ஓர் அடி எடுத்து வைத்தால் எங்கள் படை குறுக்கே நிற்கும்" என்று பல்கேரியரை மிரட்டி நிறுத்தியதும் வியன்னாதான்.

இவ்வளவு நெருக்கமாக இருந்தவர்கள் 1914-இல் அந்த நிலைக்கு எப்படிப் போனார்கள்? என் கணிப்பு 1903. அந்த ஜூன் 11 அதிகாலையில் ராணுவ அதிகாரிகள் பெல்கிரேட் அரண்மனைக்குள் புகுந்து மிலானின் மகன் அலெக்சாண்டரையும் ராணி ட்ராகாவையும் கொன்று, உடல்களை ஜன்னல் வழியே தோட்டத்தில் வீசினார்கள். ஒப்ரனோவிச் வம்சம் அதோடு முடிந்தது. பீட்டர் கராஜோர்ஜெவிச் வந்தார், கூடவே ரஷ்யச் சாய்வும் வந்தது. அப்புறம் எல்லாம் சரிவுதான். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

#2 செல்வி டீச்சர்

வைகை தம்பி, 1903 முக்கியம்தான். ஆனால் அரண்மனையில் ஆள் மாறியதால் உறவு கெட்டது என்றால், அடுத்த ஆள் வந்ததும் சரியாகியிருக்க வேண்டுமே. இங்கே விஷயம் வேறு. வியன்னாவுக்குச் செர்பியா முழுக்க அயல்நாடாக ஒருநாளும் இருந்ததில்லை. செர்பியரில் ஒரு பெரும்பகுதி பேரரசுக்குள்ளேயே குடியிருந்தார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். செர்பிய மொழிக்கு அகராதி எழுதி, எழுத்தைச் சீர்திருத்திய வூக் கராஜிச் தன் அகராதியை 1818-இல் அச்சிட்டது வியன்னாவில். அவர் இறந்ததும் அங்கேதான், 1864-இல். செர்பியர்களின் பெரிய பண்பாட்டு அமைப்பான மாட்டிட்ஸா ஸ்ர்ப்ஸ்கா 1826-இல் பெஸ்ட் நகரத்தில் (இன்றைய புடாபெஸ்ட்டின் ஒரு பகுதி) பிறந்தது. பெல்கிரேடில் துருக்கியக் காவல்படை உட்கார்ந்திருந்த காலத்தில், படித்த செர்பியர் இருந்தது டான்யூபுக்கு வடக்கே, வியன்னாப் பேரரசர்களின் ஹாப்ஸ்பர்க் வம்ச ஆட்சியில். செர்பியத் தேசியத்துக்குத் தொட்டில் கட்டியதே வியன்னாதான் என்று துணிந்து சொல்லலாம்.

அந்தத் தெற்கு ஹங்கேரிச் செர்பியர்கள் 1848-இல் ஹங்கேரியப் புரட்சிக்கு எதிராகப் பேரரசர் பக்கம் நின்று ரத்தம் சிந்தினார்கள். பெல்கிரேடிலிருந்துகூட தொண்டர் படை வந்தது. பரிசாக 'வொய்வொடினா' என்று தனி மாகாணம் கிடைத்தது. எவ்வளவு நாள்? 1860-இல் அதைக் கலைத்து ஹங்கேரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1867-இல் பேரரசை வியன்னாவும் புடாபெஸ்ட்டும் பாதி பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டபின், ஹங்கேரியப் பாதியில் வாழ்ந்த செர்பியர், ருமேனியர், ஸ்லொவாக்கியர் எல்லோருக்கும் கெட்ட காலம். அங்கே ஓட்டுரிமை இருந்தது மக்கள்தொகையில் சுமார் 6 சதவீதம் பேருக்கு. 1907-இல் ஹங்கேரியக் கல்வி அமைச்சர் அப்போன்யி கொண்டுவந்த பள்ளிச் சட்டம், பிற மொழிப் பள்ளிப் பிள்ளைகளும் நான்கு வருஷத்தில் ஹங்கேரிய மொழி பேசியாக வேண்டும் என்றது.

உள்ளே ஒரு மக்களை இப்படி வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் அதே மக்களின் தனி அரசோடு சுமுகமாக இருப்பது எப்படி? பெல்கிரேடில் யார் அரசராக உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி அப்படியேதான் இருந்திருக்கும்.

#3 கணக்குப்பிள்ளை

டீச்சர், பன்றியை விட்டுவிட்டீர்களே!

கிண்டல் இல்லை. செர்பியாவின் பிழைப்பே பன்றி, மாடு, உலர்ந்த பிளம்ஸ். ஏற்றுமதியில் பெரும்பகுதி எல்லை தாண்டி ஆஸ்திரியா-ஹங்கேரிக்குத்தான் போயாக வேண்டும், கடல் கிடையாது. 1905-இல் செர்பியாவும் பல்கேரியாவும் சுங்க ஒன்றியம் அமைக்கப் பார்த்தன. வியன்னா கடுப்பானது. அதே சமயம் செர்பியா பீரங்கி வாங்கப்போகிறது. போஹீமியாவின் ஸ்கோடா தொழிற்சாலையில் வாங்கு என்று வியன்னா, பிரான்சின் ஷ்னைடர் கம்பெனியில்தான் வாங்குவேன் என்று பெல்கிரேட். 1906-இல் எல்லையை மூடினார்கள். சொன்ன காரணம் கால்நடை நோய்.

பின்னால் தள்ளியது யார் தெரியுமா? ஹங்கேரியப் பெருநிலக்காரர்கள். செர்பியப் பன்றி வந்தால் அவர்கள் பன்றிக்கு விலை இல்லை. வியன்னாவின் வெளியுறவுக் கொள்கையும் புடாபெஸ்ட்டின் பண்ணை லாபமும் ஒரே கயிற்றில் தொங்கின.

செர்பியா மண்டியிட்டிருக்க வேண்டும். மண்டியிடவில்லை. உயிரோடு அனுப்ப முடியாத பன்றியை வெட்டிப் பதப்படுத்தி அனுப்ப இறைச்சித் தொழிற்சாலைகள் வந்தன. துருக்கியர் கையிலிருந்த சலோனிகா துறைமுகம் வழியாகச் சரக்கு போனது. ஜெர்மனியே வாங்கியது, வியன்னாவின் கூட்டாளி! கடன் பாரிஸிலிருந்து வந்தது, பீரங்கியும் பிரான்சிலிருந்து வந்தது. பிற்பாடு வர்த்தக ஒப்பந்தம் போட்டபோது ஆஸ்திரியாவின் பங்கு பழைய அளவில் பாதிகூட இல்லை.

தேசியவாதத்தைப் பற்றிக் கவிதை எழுதியவர்கள் பெல்கிரேடில் ஐம்பது வருஷமாக இருந்தார்கள். ஆனால் பன்றி விற்கிற விவசாயிக்கு வியன்னாமேல் கோபம் வந்தது 1906-இல்தான்.

#4 வைகைக்கரையான்

கணக்குப்பிள்ளை, அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீச்சர் பேரரசின்மேல் பழியை மொத்தமாகப் போடுகிற மாதிரி தெரிகிறது. பெல்கிரேட் ஒன்றும் அப்பாவி இல்லை. 1844-லேயே கராஷானின் என்ற செர்பிய அமைச்சர் ரகசியத் திட்டம் எழுதிவிட்டார். செர்பியர் வாழும் இடமெல்லாம் செர்பியா என்ற நினைப்பு அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தது. வூக் கராஜிச்சும், டீச்சர் பெருமையாகச் சொன்ன அதே ஆள், ஒரே பேச்சுவழக்கு பேசும் கத்தோலிக்கரையும் முஸ்லிம்களையும் செர்பியர் கணக்கில்தான் சேர்த்தார். குரோவேஷியர்களிடம் போய்ச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

#5 ராகவ்

பீட்மாண்ட் என்ற சிறு அரசு முன்னின்று இத்தாலியை ஒன்றாக்கியதைப் பார்த்துவிட்டு, தெற்கு ஸ்லாவியருக்கு நாங்கள்தான் பீட்மாண்ட் என்று செர்பியர் பேசினார்கள். 1911-இல் 'கறுப்புக் கை' என்ற செர்பிய ராணுவ அதிகாரிகளின் ரகசியக் கும்பல் தொடங்கிய பத்திரிகைக்குப் பெயரே 'பியெமொண்ட்'. 1859-இல் லொம்பார்டியையும் 1866-இல் வெனிஸையும் இழந்த பேரரசருக்கு அந்தப் பெயர் காதில் எப்படி விழுந்திருக்கும்? அதே ஃப்ரான்ஸ் யோசஃப்தான் இன்னமும் அரியணையில் இருந்தார்.

#6 செல்வி டீச்சர்

வைகை, பெல்கிரேடின் ஆசையை நான் மறைக்கவில்லை. ஆசை பல நாடுகளுக்கு இருந்தது. அது ஏன் ஆபத்தாக மாறியது என்பதற்குப் போஸ்னியாவைப் பார்க்க வேண்டும்.

1878 பெர்லின் மாநாட்டில் போஸ்னியா-ஹெர்சகோவினாவைப் 'பிடித்து நிர்வகிக்க' வியன்னாவுக்கு அனுமதி கிடைத்தது. பெயருக்குச் சுல்தான் சொத்து, ஆள்வது பேரரசர். வியன்னா எடுத்துக்கொள்ள புடாபெஸ்ட் விடாது, புடாபெஸ்ட் எடுத்துக்கொள்ள வியன்னா விடாது. கடைசியில் இரண்டுக்கும் பொதுவான நிதியமைச்சரிடம் கொடுத்தார்கள். ஒரு மாகாணத்தை நிதியமைச்சகம் ஆண்ட விசித்திரம் இது.

1882 முதல் 1903 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் பெஞ்சமின் கால்லாய், ஹங்கேரியர். திறமைசாலி, பெல்கிரேடில் தூதராக இருந்தவர், செர்பிய மொழி தெரிந்தவர். செர்பியரும் வேண்டாம், குரோவேஷியரும் வேண்டாம், எல்லா மதத்தாரும் 'போஸ்னியர்' என்று ஒரே இனமாகட்டும் என்று திட்டம் போட்டார். இளமையில் அவரே செர்பியர் வரலாற்றை எழுதியிருந்தார். அமைச்சரானதும் போஸ்னியாவில் தடை செய்த புத்தகங்களில் அதுவும் ஒன்று! சொந்தப் புத்தகத்தைத் தானே தடை செய்த மனிதர். போஸ்னியர்களும் செர்பியர்களும் ஒன்று என்று அதில் எழுதிவைத்துவிட்டாரே, என்ன செய்வார்?

திட்டம் ஒட்டவில்லை. 1910 கணக்கெடுப்பில் ஆர்த்தடாக்ஸ் 43 சதவீதம், முஸ்லிம் 32, கத்தோலிக்கர் சுமார் 23. ரயில் போட்டார்கள், சாலை போட்டார்கள், சராயேவோவில் டிராம் ஓடியது, எல்லாம் உண்மை. ஆனால் நிலம்? முஸ்லிம் நிலக்கிழாருக்கு விளைச்சலில் பங்கு அளந்த குத்தகைக் குடியானவர்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் செர்பியர். துருக்கியர் காலத்து ஏற்பாட்டில் வியன்னா பெரிதாகக் கை வைக்கவில்லை. முப்பது வருஷ ஆட்சிக்குப் பிறகும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. சராயேவோவில் இளவரசரைச் சுட்ட கவ்ரிலோ பிரின்சிப் அப்படிப்பட்ட குடியானவன் வீட்டுப் பிள்ளை. செர்பியக் குடிமகன் அல்ல, பேரரசின் பிரஜை. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

#7 பழைய நாணயம்

1908-க்கு வருவோம். செப்டம்பரில் பூக்லாவ் மாளிகையில் ரஷ்ய அமைச்சர் இஸ்வோல்ஸ்கியும் ஆஸ்திரிய அமைச்சர் ஏரென்தாலும் ரகசியமாகப் பேசினார்கள். நீ போஸ்னியாவை எடுத்துக்கொள், எனக்குக் கருங்கடல் நீரிணையில் போர்க்கப்பல் போகும் உரிமைக்கு ஆதரவு கொடு. இஸ்வோல்ஸ்கி ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அக்டோபர் 6-ஆம் தேதி இணைப்பை அறிவித்துவிட்டார்கள். அவருக்கு நீரிணையும் இல்லை, மானமும் இல்லை.

பெல்கிரேடில் ஊர்வலம், படைதிரட்டல். அந்த மாதமே 'நரோத்னா ஒத்ப்ரானா' (தேசியப் பாதுகாப்பு) என்ற அமைப்பு தொடங்கியது. 1909 மார்ச்சில் ஜெர்மனி ரஷ்யாவை நெருக்க, ரஷ்யா பின்வாங்க, செர்பியா தனியாக நின்றது. மார்ச் 31-இல் எழுத்துமூலம் ஒப்புதல்: இணைப்பால் எங்கள் உரிமை பாதிக்கப்படவில்லை, இனி நல்ல அயலாராக நடந்துகொள்வோம். ஒரு நாட்டைக் கூட்டத்தின் நடுவில் தோப்புக்கரணம் போடவைத்த மாதிரி. இந்தக் காகிதத்தைத்தான் 1914-இல் வியன்னா தூக்கிக் காட்டியது.

என் ஓட்டு 1908-க்கு. 1903-க்குப் பிறகும் பேசித் தீர்க்க வழி இருந்தது. 1909-க்குப் பிறகு இரு பக்கமும் அடுத்த சுற்றுக்காகக் காத்திருந்தார்கள்.

#8 செல்வி டீச்சர்

நாணயம் சாரின் கதைக்கு உள்நாட்டுப் பக்கம் ஒன்று உண்டு, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

குரோவேஷியாவில் செர்பியரையும் குரோவேஷியரையும் மோதவிட்டு ஆள்வது புடாபெஸ்ட்டின் பழைய வழக்கம். 1905-இல் அவர்கள் கூட்டணி சேர்ந்து, அடுத்த வருஷத் தேர்தலில் ஜெயித்துவிட்டார்கள். தலைநகரங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. 1909-இல் ஸாக்ரெபில் 53 செர்பியர்மேல் தேசத்துரோக வழக்கு. பலருக்குச் சிறைத்தண்டனை, ஆனால் அந்தத் தீர்ப்பு பின்னால் நிற்கவில்லை.

அதே வருஷம் ஹைன்ரிக் ஃப்ரீட்யுங் என்ற பெயர்பெற்ற வரலாற்றாசிரியர் வியன்னாப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். கூட்டணித் தலைவர்கள் பெல்கிரேடிடம் காசு வாங்குகிறார்கள், ஆதாரம் என்னிடம் இருக்கிறது என்றார். ஆதாரம் கொடுத்தது வெளியுறவு அமைச்சகம். தலைவர்கள் அவதூறு வழக்குப் போட்டார்கள். டிசம்பரில் வியன்னா நீதிமன்றத்தில் விசாரணை. ஆவணங்களில் ஒன்று, பெல்கிரேடில் நடந்த ரகசியக் கூட்டத்தின் குறிப்பு. தலைமை வகித்ததாக எழுதப்பட்ட பெல்கிரேட் பேராசிரியர் நேரில் வந்து, அந்தத் தேதிகளில் நான் பெர்லினில் இருந்தேன் என்றார். பெர்லின் போலீஸிடம் கேட்டார்கள். ஆமாம், இருந்தார். ஆவணம் போலி! செக் உறுப்பினர் மசாரிக் இதை விடவில்லை. பெல்கிரேடில் இருந்த ஆஸ்திரியத் தூதரகத்துக்கே போலித் தயாரிப்பில் பங்கு உண்டு என்று நாடாளுமன்றச் சபைகளில் போட்டு உடைத்தார்.

பேரரசு தன் சொந்தக் குடிகளை அடுத்த நாட்டு ஒற்றர்களாகப் பார்க்கத் தொடங்கிய இடம் இது. அதன் பிறகு பெல்கிரேடின் நிஜமான சதியை எடுத்துக் காட்டினாலும் ஐரோப்பாவில் யார் நம்புவார்கள்? 1914 ஜூலையில் வியன்னா ஆதாரக் கோப்பு அனுப்பியபோது பல தலைநகரங்கள் உதட்டைப் பிதுக்கியதற்கு ஃப்ரீட்யுங்கும் ஒரு காரணம்.

#9 புதுமுகம்_சேலம்

சராயேவோவில் சுடப்பட்ட பட்டத்து இளவரசர் இந்த ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் 1893-இல் உலகப் பயணம் வந்தபோது இலங்கையில் இறங்கி, இந்தியாவிலும் புலி வேட்டையாடிவிட்டுப் போனவர். சும்மா ஒரு தகவல். தொடருங்கள்.

#10 கணக்குப்பிள்ளை

வேட்டை அவருக்குப் பித்து. ஆனால் செர்பியாவோடு போர் வேண்டாம் என்று வியன்னாவில் பிடிவாதமாக நின்றவரும் அவர்தான். தளபதி கான்ராட் 1913 ஒரே வருஷத்தில் செர்பியாவைத் தாக்க 25 முறை யோசனை சொன்னதாகக் கணக்கு. ஒவ்வொரு முறையும் தடுத்தவர்களில் முதல் ஆள் இளவரசர். தெற்கு ஸ்லாவியருக்குச் சலுகை கொடுத்து ஹங்கேரியின் கொட்டத்தை அடக்கலாம் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. பிரின்சிப் விசாரணையில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: அவர் அரசரானால் சில சீர்திருத்தம் செய்வார், அது எங்கள் ஒன்றிணைப்புக்குத் தடை. தீவிரவாதிக்குக் கடுமையானவனைவிடச் சமரசம் பேசுபவன்மேல்தான் பயம் அதிகம்.

#11 வைகைக்கரையான்

சரி, இப்போது பெல்கிரேட் பக்கத்தையும் பேசுங்கள். 1912-13 பால்கன் போர்களில் செர்பியாவின் பரப்பு ஏறத்தாழ இருமடங்கு ஆனது. கொசோவோவும் மாசிடோனியாவும் கிடைத்தன. அங்கே அல்பேனியருக்கும் மாசிடோனிய மக்களுக்கும் என்ன கிடைத்தது? பழைய செர்பியாவில் இருந்த அரசியல் சட்டத்தின் உரிமைகள் புதிய நிலத்துக்கு நீட்டப்படவில்லை. ஊர்கள் எரிந்ததைக் கார்னகி அறக்கட்டளை அனுப்பிய சர்வதேசக் குழு நேரில் போய்ப் பதிவு செய்து 1914-இல் அறிக்கை வெளியிட்டது. வியன்னாவைப் பார்த்து 'மக்களின் சிறைச்சாலை' என்றவர்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்த நிலத்தை யார் ஆள்வது, ராணுவமா அமைச்சர்களா என்று 1914 மே, ஜூனில் பிரதமர் பாஷிச் அரசுக்கும் அபிஸ் ஆட்களுக்கும் பெரிய சண்டை. அபிஸ் என்கிற டிமிட்ரியெவிச், 1903 அரண்மனைக் கொலையில் இருந்தவர், இப்போது ராணுவ உளவுத்துறைத் தலைவர். ஆயுதத்தோடு பையன்கள் (பிரின்சிப் கூட்டம்) எல்லை தாண்டுகிறார்கள் என்று பாஷிச்சுக்குத் தகவல் வந்தது. எல்லைக் காவல் அதிகாரிகள் அபிஸின் ஆட்கள். அவர் என்ன செய்ய முடியும்?

அதனால்தான் 1903 என்று மறுபடியும் சொல்கிறேன். அரசரைக் கொன்றவர்களுக்குப் பதவி கொடுத்த நாடு, பிறகு அவர்களைக் கட்டுப்படுத்த முடியாமல் போனது. 1917-இல் சலோனிகாவில் செர்பிய அரசே அபிஸைச் சுட்டுக் கொன்றது. காலம் கடந்துவிட்டது.

#12 ராகவ்

பத்திரிகைகளையும் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். 1912 நவம்பரில் பிரிஸ்ரென் நகரில் இருந்த ஆஸ்திரியத் தூதர் ப்ரோகாஸ்காவைச் செர்பிய ராணுவம் பிடித்து ஆண்மை நீக்கம் செய்துவிட்டது என்று வியன்னாப் பத்திரிகைகள் எழுதின. ஆள் நலமாக இருந்தார், வெளியுறவு அமைச்சகத்துக்கும் அது தெரியும். மறுப்பை மட்டும் மெதுவாக விட்டார்கள், சூடு ஆறக்கூடாதே.

பெல்கிரேடும் சளைத்ததில்லை. 1914 ஜூலை 10-ஆம் தேதி ரஷ்யத் தூதர் ஹார்ட்விக் ஆஸ்திரியத் தூதர் கீஸலைப் பார்க்கப் போய், அங்கேயே பேச்சின் நடுவில் மாரடைப்பில் சரிந்தார். அவருடைய மகள் வந்து, அப்பா குடித்துப் போட்ட சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள், விஷம் இருக்குமோ என்று. உண்மையில் அவை அவருடைய சொந்த சிகரெட்கள். மறுநாள் ஊர் முழுக்க ஆஸ்திரியர் விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சுதான்.

#13 புதுமுகம்_சேலம்

ஒரு சந்தேகம். இத்தாலியரும் ருமேனியரும்கூடப் பேரரசுக்குள் இருந்தார்கள், வெளியே அவர்களுக்கும் சொந்த நாடு இருந்தது. அவர்களோடு ஏன் இப்படி வெடிக்கவில்லை?

#14 செல்வி டீச்சர்

நல்ல கேள்வி, தம்பி. வெடிக்கவில்லையே தவிர, புகைந்துகொண்டேதான் இருந்தது. இத்தாலி 1882-இல் வியன்னாவோடு முத்தரப்புக் கூட்டணியில் சேர்ந்தது. அதே வருஷம் த்ரியெஸ்தேக்காரன் ஓபர்டான், அங்கே வரவிருந்த பேரரசரைக் கொல்லக் குண்டோடு வந்து பிடிபட்டுத் தூக்கில் தொங்கினான். ருமேனியா 1883-இல் ரகசியக் கூட்டாளி. ஆனால் டிரான்சில்வேனியா ருமேனியருக்குப் புடாபெஸ்ட் கொடுத்த தொல்லையால், அந்த ஒப்பந்தத்தை அரசர் காரல் நாடாளுமன்றத்துக்குக் காட்டவே துணியவில்லை. 1914-இல் இரண்டு நாடுகளும் நடுநிலை என்று ஒதுங்கின. 1915-இல் இத்தாலியும் 1916-இல் ருமேனியாவும் எதிரணியில் சேர்ந்து சண்டைக்கே வந்தன. மூன்று இடத்திலும் நோய் ஒன்றுதான்.

வித்தியாசம் என்னவென்றால், இத்தாலி பெரிய நாடு, மிரட்டினால் திருப்பி அடிக்கும். ருமேனியாவில் ஹோஹென்ஸொல்லர்ன் வம்சத்து அரசர், ரஷ்யாமேல் பயம். செர்பியா சின்ன நாடு, மிரட்டிப் பணியவைக்கலாம் என்று வியன்னாவுக்குத் தோன்றியது. 1909-இல் பலித்தது. 1913 அக்டோபரில் அல்பேனியாவை விட்டு எட்டு நாளில் வெளியேறு என்றார்கள், அதுவும் பலித்தது. மூன்றாவது தடவை 1914.

#15 பழைய நாணயம்

அந்த மூன்றாவது தடவையைப் பற்றி: ஜூலை 23 மாலை 6 மணிக்குக் கீஸல் கடிதத்தைக் கொடுத்தார். 10 கோரிக்கை, 48 மணி நேரம். பாஷிச் தேர்தல் பிரசாரத்துக்காக வெளியூரில் இருந்தார். 6-ஆவது கோரிக்கை, செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்க வேண்டும் என்பது. மற்றவற்றுக்கு ஆமாம் என்றும் பார்க்கலாம் என்றும் மழுப்பிய செர்பியா இதை மட்டும் நேராக மறுத்தது. அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். அதிகாரி உள்ளே வந்து தோண்டினால் அபிஸ்வரை போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 25-ஆம் தேதி மாலை பதிலை வாங்கிப் படித்த கையோடு கீஸல் ரயில் ஏறினார். சாவா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் ஸெமுன், அது பேரரசு. அவ்வளவுதான் தூரம். ஒரு நாட்டின் தலைநகரம் எதிரி பீரங்கிக்கு எட்டும் இடத்தில் இருந்தது. 28-ஆம் தேதி தந்தியில் போர் அறிவிப்பு. அன்று நள்ளிரவுக்குப் பிறகு செர்பியர் அந்தப் பாலத்தைத் தகர்த்தார்கள், ஆற்றில் நின்ற ஆஸ்திரியப் போர்ப்படகுகள் பெல்கிரேட்மேல் சுட்டன. அவற்றில் ஒன்றான 'போட்ரோக்' இன்று 'சாவா' என்ற பெயரில் பெல்கிரேடிலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

#16 வைகைக்கரையான்

டீச்சர், உங்கள் வாதம் ருமேனியாவுக்கும் பொருந்துமா என்று சோதித்துப் பார்க்க ஆசை. அங்கே அபிஸும் இல்லை, அரசர் கொலையும் இல்லை. இருந்தும் உறவு கெட்டது என்றால் என் 1903 ஆட்டம் காண்கிறது. தனி இழை தொடங்கட்டுமா?

#17 செல்வி டீச்சர்

தொடங்குங்கள். 1892-இல் டிரான்சில்வேனியா ருமேனியர் பேரரசருக்கு எழுதிய மனுவை அவர் பிரிக்காமலே புடாபெஸ்ட்டுக்கு அனுப்பினார், 1894-இல் க்ளூஜ் நகரில் அதை எழுதியவர்கள்மேலேயே வழக்குப் போட்டார்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம். கணக்குப்பிள்ளை, 1886-இல் தொடங்கிய ருமேனியச் சுங்கப் போரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் கால்நடைதான்.